பாச்சான் நினைவாக: பான் ஓடோரி, பவுலிங், கார்டினா

கார்டினா_மருமகள்

என் கணவருடைய அப்பாவின் அம்மா போன மாதம் காலமானார். 96 வயது. கல்யாணச் சாவுதான். கடைசி வாரம் வரைக்கும் ஆள் அடையாளம் தெரிந்தது, சூப்பில் உப்புக் குறைந்தால் முகம் சுளிக்கவும் தெரிந்தது. லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே கார்டினா என்ற ஊர். ஜப்பானிய அமெரிக்கக் குடும்பம். இங்கே பாட்டியை பாச்சான் என்பார்கள், கரூரிலிருந்து வாழ வந்த நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

புத்தர் கோயில் மாத மடலுக்கு ஒரு பக்கம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். "நீதானே அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கதை கேட்பாய்" என்று மாமனார் சொல்லிவிட்டார். ஆங்கிலத்தில் எழுதுவதற்கு முன்னால் தமிழில் ஒரு தடவை கொட்டிவிட்டால்தான் எனக்கு மனசு தெளியும்.

பத்திரிகைக்குக் கொடுத்த இரங்கல் குறிப்பில் "சமூக அக்கறை மிக்கவர், நடனத்திலும் பவுலிங்கிலும் விருப்பம் கொண்டவர்" என்று ஒரே வரி போட்டார்கள். (பவுலிங் என்றால் கிரிக்கெட் இல்லை. லேன் என்ற நீளப் பாதையில் பந்தை உருட்டி, மறுமுனையில் நிற்கும் பின் என்ற கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டு.) பொய்யில்லை. ஆனால் சும்மா இருக்கும் நேரத்தில் பூத்தையல் போடுவார் என்கிற தொனி அதில் இருக்கிறது. அவருக்கு அந்த மூன்றும் ஒரே வேலை. அதை எப்படிச் சொல்வதென்று பிடிபடாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

பாச்சான் 1928-இல் கலிபோர்னியாவிலேயே பிறந்தவர். அப்பா குத்தகை நிலத்தில் ஸ்ட்ராபெரி போட்டவர். சொந்தமாக வாங்க வழியில்லை. ஜப்பானிலிருந்து வந்தவர்களுக்கு அப்போது குடியுரிமை கிடையாது, குடியுரிமைக்குத் தகுதி இல்லாதவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று 1913-லேயே இந்த மாநிலம் சட்டம் போட்டுவிட்டது. பிறகு போர். 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் 9066-ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேரை, கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கிளப்பிவிட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் பாச்சானைப் போல இங்கேயே பிறந்த குடிமக்கள். முதலில் சாந்தா அனிதா பந்தய மைதானம். சுண்ணாம்பு அடித்த குதிரை லாயத்தில் குடும்பத்தோடு இருந்தார்கள். அப்புறம் ரயிலில் ஆர்கன்சாஸ் மாநிலத்துச் சதுப்பு நிலத்தில் இருந்த ரோவர் முகாம். அவருக்கு அப்போது 14 வயது.

நடனம் அவரிடம் ஒட்டிக்கொண்டது அங்கேதான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, இசைத்தட்டு போட்டு, பிள்ளைகள் ஆடுவார்களாம். முள்வேலிக்கு உள்ளே ஆடியது அசல் அமெரிக்க ஸ்விங், ஜிட்டர்பக். கோடையில் பெரியவர்கள் வட்டம் கட்டி பான் ஓடோரி ஆடுவார்கள், செத்தவர்களை நினைக்கும் ஓபோன் விழாவின் நடனம் அது. பாச்சான் இரண்டிலும் நுழைந்துவிடுவார். "அங்கே வீட்டு வேலை கிடையாதே, சமையல் கிடையாதே, ஆடாமல் என்ன செய்ய?" என்பார். முகாமைப் பற்றி அவர் வாய் திறந்து சொன்னதே பெரும்பாலும் இந்த நடனம்தான். அவருடைய அப்பா அங்கே எப்படி இருந்தார் என்று கேட்டால் எழுந்து டீ போடப் போய்விடுவார்.

பவுலிங் கதையை அடுத்து எழுதுகிறேன். குழந்தை எழுந்துவிட்டாள்.

கிள்ளான்_கதிர்

ஆழ்ந்த அனுதாபங்கள் அக்கா. நாங்க மலேசியாவுல பவுலிங் பார்த்து வளர்ந்தவங்க. ஷாலின் சுல்கிஃப்லி ஜெயிச்சுக்கிட்டிருந்த காலத்துல எங்க ஷாப்பிங் மால்ல லேன் கிடைக்காது, அவ்வளவு கூட்டம். ஆனா 90 வயசுப் பாட்டி விளையாடி நான் பார்த்ததில்லை. எப்ப வரைக்கும் உருட்டினாங்க? பந்து கனமா இருக்குமே?

எதற்கும்_ஒரு_கேள்வி

இரங்கல் தெரிவித்துக்கொள்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு சந்தேகம். முகாமும் சிறையும் பெரிய விஷயம், ஒப்புக்கொள்கிறேன். பவுலிங்கை ஏன் அதோடு முடிச்சுப் போட வேண்டும்? சென்னையில் மாலுக்குப் போய் வாடகைச் செருப்பு மாட்டிக்கொண்டு மூன்று பந்து கட்டரில் விட்டுவிட்டு பீட்சா சாப்பிட்டு வருகிறோம். அது பொழுதுபோக்கு. போனவர்களைப் பற்றி எழுதும்போது எல்லாவற்றையும் போராட்டமாக்கிவிடுகிறோமோ?

கார்டினா_மருமகள்

கதிர் தம்பி, 88 வரைக்கும் உருட்டினார். பந்து 16 பவுண்டு வரை இருக்கலாம் என்பது விதி. அவரிடம் இருந்தது 10 பவுண்டு, ஊதா நிறம், கடைசியில் அதையும் 8-க்கு மாற்றினார். வேகமே இருக்காது. 60 அடி லேனில் அந்தப் பந்து போய்ச் சேர்வதற்குள் நாம் ஒரு வாய் காபி குடித்துவிடலாம். ஆனால் கோடு தப்பாது. கடைசிச் சுற்றான பத்தாவது ஃபிரேமில் ஒற்றைப் பின் மிச்சம் நின்றால் எதிர் அணி அப்போதே பையை மூடிவிடும்.

கேள்வியாரே, உங்கள் சந்தேகம் நியாயமானது. நானும் வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். லீக் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. மாலில் போய் ஆடுவதற்கும் லீக்குக்கும் சம்பந்தமே இல்லை. செப்டம்பரில் தொடங்கி வசந்தம் வரை, வாரா வாரம் அதே நாள், அதே நேரம், அதே முகங்கள். நான்கைந்து பேர் ஒரு அணி. வராவிட்டால் "ஏன் வரவில்லை" என்று கேட்க ஆள் உண்டு.

இன்னொன்று, ஹேண்டிகேப். எனக்கு அது பெரிய ஆச்சரியம். ஒருவருடைய சராசரிக்கும் லீக் வைத்திருக்கும் அடிப்படை எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுப்பார்கள். பாச்சானின் லீக்கில் அடிப்படை 220, அதில் 90 சதவீதம். பாச்சானின் சராசரி 130 என்றால் வித்தியாசம் 90, அவருக்கு ஆட்டத்துக்கு 81 பின் கூடுதல். 200 சராசரி வைத்திருக்கும் பேரனுக்கு 18 மட்டும்தான். ஆக 80 வயதுக்காரியும் 25 வயதுக்காரனும் ஒரே லேனில் உண்மையாகவே மோதலாம். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பாச்சான் என் கணவரை அடித்துவிட்டு அவர் வாங்கித் தந்த பியரைக் குடிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கை வாரா வாரம் யாராவது போட வேண்டும் இல்லையா? கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் தாளில்தான். அதுதான் லீக் செயலாளர் வேலை. சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. சந்தா வசூல், சராசரி, ஹேண்டிகேப், சங்கத்துக்குப் பதிவு, வருடக் கடைசியில் பரிசுப் பணம், விருந்து. பாச்சான் அதைப் பல காலம் செய்தார். செயலாளராக இருந்தால் ஊரில் யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை போய்விட்டது, யார் பிள்ளை வீட்டுக்கு வருவதில்லை, எல்லாம் சந்தா வாங்கும்போதே தெரிந்துவிடும். ஒரு ஆள் தொடர்ந்து வராவிட்டால் போன் போகும். போனை எடுக்காவிட்டால் பாச்சானின் கணவர், அதாவது தாத்தாவின் தோட்டவேலை லாரி அந்த வீட்டு வாசலில் போய் நிற்கும். லாரியில் சாப்பாடு இருக்கும்.

டெட்ராய்ட்_தச்சன்

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு தகவல். பவுலிங் இங்கே வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை, அதற்கு ரத்தமும் சதையுமான வரலாறு உண்டு. நான் இருக்கும் ஊர் அதில் நடுநாயகம்.

அமெரிக்கன் பவுலிங் காங்கிரஸ் 1895-இல் நியூயார்க்கில் தொடங்கியது. விதிகள், லேன் அளவு, அங்கீகாரம் எல்லாம் அவர்கள் கையில். 1916-இலிருந்து அவர்களுடைய சட்டத்திலேயே வெள்ளையர்களுக்கு மட்டும் உறுப்பினர் தகுதி என்று எழுதியிருந்தது. 1916-இல் செயின்ட் லூயிஸில் ஆரம்பித்த பெண்கள் காங்கிரசிலும் இதே கதை. கறுப்பினத்தவர், ஜப்பானியர், சீனர், யாரும் அங்கீகரிக்கப்பட்ட லீக்கில் ஆட முடியாது. தேசியப் போட்டி கிடையாது. ஒரு ஆட்டத்தின் உச்சமான 300 எடுத்தாலும் கணக்கில் வராது. கொடுமை என்னவென்றால் தானியங்கி இயந்திரம் பரவும் முன்னால் குழிக்குள் உட்கார்ந்து பின் அடுக்கியவர்களில் நிறையப் பேர் கறுப்பினப் பையன்கள். அடுக்கலாம், உருட்டக் கூடாது!

1939-இல் டெட்ராய்ட்டில் கறுப்பின பவுலர்கள் தனியாகத் தங்கள் தேசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அது இன்றும் இருக்கிறது. போருக்குப் பிறகு இங்குள்ள மோட்டார் தொழிலாளர் சங்கம் இந்த விதியை எதிர்த்துப் பெரிய இயக்கம் நடத்தியது. தொழிற்சாலையில் தோளோடு தோள் நிற்பவன் ஞாயிற்றுக்கிழமை லேனில் நிற்க முடியாதா என்று கேட்டார்கள். ஜப்பானிய அமெரிக்கக் குடிமக்கள் சங்கமும் சேர்ந்துகொண்டது. வழக்குகள் வந்தன. 1950-இல்தான் விதியை எடுத்தார்கள். அடுத்த வருடம் எங்கள் ஊரிலிருந்து ஒரு கறுப்பின அணி தேசியப் போட்டிக்குப் போனது.

சகோதரி, உங்கள் பாட்டி எந்த வருடம் ஆட ஆரம்பித்தார்?

கார்டினா_மருமகள்

தச்சன் அண்ணா, ரொம்ப நன்றி. தாத்தா 1949-இல் ஆட ஆரம்பித்தார், பாச்சான் கல்யாணத்துக்குப் பிறகு, 50-களின் தொடக்கத்தில். தாத்தாவுக்கு அந்தப் பழைய தடை நேரடியாகத் தெரியும். ஜப்பானியப் பிள்ளைகளுக்கென்று 1947-இல் சால்ட் லேக் சிட்டியில் தனியாக ஒரு தேசியப் போட்டி தொடங்கினார்கள், தாத்தாவின் அண்ணன் அதில் ஆடியதாகச் சொல்வார்கள். வீட்டில் அதற்கு ஆதாரமாக இருப்பது ஒரு சாவிக்கொத்து மட்டும்.

முகாமிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுத்தது 25 டாலரும் ஒரு ரயில் டிக்கெட்டும். திரும்பி வந்தால் குத்தகை நிலம் வேறு ஆள் கையில். கோயில் கூடத்தில் பாய் விரித்துப் பல குடும்பங்கள் படுத்தன. ஆண்களில் நிறையப் பேர் புல்வெட்டும் இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு தோட்டவேலைக்குப் போனார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக வெள்ளைக்காரர் வீட்டு வாசல்களில் நாள் முழுக்க நிற்கிற வேலை. பேச்சுத் துணை கிடையாது. வாரத்தில் ஒரு இரவு லீக். அங்கே போனால்தான் தன் பெயரைச் சரியாக உச்சரிக்கும் மனிதர்கள் இருப்பார்கள் என்று மாமனார் சொல்வார்.

பழையபேப்பர்

லாஸ் ஏஞ்சலஸ் ஜப்பானியர், பவுலிங் என்று இரண்டு சொல்லும் வந்துவிட்ட பிறகு ஹாலிடே பவுல் என்ற பவுலிங் கூடத்தைச் சொல்லாமல் எப்படி?

கிரென்ஷா சாலையில் 1958-இல் திறந்தது. 36 லேன். ஜப்பானிய அமெரிக்கர்கள் சிலர் சேர்ந்து, தங்கள் ஆட்களிடமே பங்கு விற்றுப் பணம் திரட்டிக் கட்டினார்கள். வங்கிகள் அந்தக் காலத்தில் அவர்களுக்கு எப்படிக் கடன் கொடுத்தன என்பது தெரிந்ததுதானே. கட்டிட வடிவமைப்பு ஆர்மெட் அண்ட் டேவிஸ் நிறுவனம், அதில் ஹெலன் லியு ஃபாங் என்ற சீன அமெரிக்கப் பெண்ணின் கைவண்ணம் பெரியது. கூரை முக்கோணம் முக்கோணமாக ராக்கெட் யுகத்துக் கோமாளித்தனத்தோடு இருக்கும். எனக்கு அந்தப் பாணி உயிர்.

நான் சொல்ல வந்தது காபி ஷாப்பை. ஒரே மெனுவில் ஜப்பானிய உடோன் நூடுல்ஸ், சீனச் சாப்பாடு, தெற்கத்திய கறுப்பினத்தவரின் க்ரிட்ஸ் என்ற சோளக் கஞ்சி. மூன்றையும் மூன்று ஆட்களும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள். 24 மணிநேரமும் திறந்திருக்கும். விமானத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் விடியற்காலையில் வந்து உருட்டுவார்கள். வீட்டு விற்பனைப் பத்திரத்தில் "வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது" என்ற நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு கிரென்ஷாவில் ஜப்பானியரும் கறுப்பினத்தவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியேறினார்கள். அந்தக் கலவை இந்தக் கட்டிடத்துக்குள் வந்து உட்கார்ந்தது. 1965-இலும் 1992-இலும் கலவரத்தில் சுற்றிலும் எரிந்தபோது இது தப்பித்தது.

2000-இல் மூடிவிட்டார்கள். காப்பாற்றச் சொல்லி அக்கம்பக்கத்தார் எவ்வளவோ போராடினார்கள். லேன்கள் இருந்த பகுதியை இடித்துவிட்டு முகப்பிலிருந்த காபி ஷாப்பை மட்டும் விட்டுவைத்தார்கள். அங்கே பிறகு ஸ்டார்பக்ஸ் வந்தது. கட்டிடத்தைப் பாதுகாத்துவிட்டோம் என்று நகராட்சி பெருமைப்படலாம், எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

கார்டினா_மருமகள்

பாச்சான் அங்கே போட்டிகளுக்குப் போயிருக்கிறார்! அவருடைய லீக் இங்கே கார்டினாவில்தான், ஆனால் ஹாலிடே பவுல் என்றால் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு போவாராம். மூடியபோது அழுதார் என்று நாத்தனார் சொல்கிறாள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில், கரூரில்.

ஸ்காபரோ_அக்கா

தங்கச்சி, உங்கட பாட்டியின்ர ஆன்மா சாந்தியடையட்டும். வாசிக்க எனக்கு எங்கட அம்மம்மாதான் ஞாபகத்துக்கு வந்தவ. கனடாவில வேற மாதிரி பவுலிங் ஒண்டு இருக்கு, ஐஞ்சு பின். 1909 அளவில ரொறன்ரோவிலதான் ரயன் எண்டு ஒருத்தர் கண்டுபிடிச்சவர். பந்து சின்னன், உள்ளங்கைக்குள்ள அடங்கும், விரல் விட ஓட்டையும் இல்லை. அம்மம்மா யாழ்ப்பாணத்தில இருந்து வந்து நாலு சுவருக்குள்ள இருந்தவ. முதியோர் சங்கத்துப் பிள்ளையள் ஒருநாள் பஸ்ஸில ஏத்திக்கொண்டு போச்சினம். சேலைக்குக் கீழ பவுலிங் சப்பாத்து. அதுக்குப் பிறகு வியாழக்கிழமை எண்டால் ஒருத்தரும் அவவோட கதைக்கேலாது, காலமையே வெளிக்கிட்டுடுவா.

ஊரை இழந்த சனத்துக்கு இப்பிடி ஒரு நாள் வேணும். என்ன விளையாட்டு எண்டது இரண்டாம் பட்சம்.

எதற்கும்_ஒரு_கேள்வி

தச்சன், பழையபேப்பர் இருவருக்கும் நன்றி. 1950 வரை விதியாகவே எழுதி வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. பொழுதுபோக்கு என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், பாதி.

மீதிப் பாதி: இப்படிப்பட்ட சங்கங்கள் ஆட்களை உள்ளேயே அடைத்தும் வைக்கும். அந்த வட்டத்துக்குள் ஒருவரைப் பிடிக்காவிட்டால் அவர் கதி என்ன? உங்கள் பாட்டி கறாரானவரா? எழுதும்போது அதையும் எழுதுங்கள். சர்க்கரைப் பாகில் முக்கிய இரங்கல் கட்டுரைகளைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது.

கார்டினா_மருமகள்

கறாரா! தாமதமாக வந்தால் முதல் ஃபிரேமைத் தள்ளிவிட்டுத்தான் உட்கார விடுவார். சொந்த மருமகளுக்கு, அதாவது என் மாமியாருக்கு, பான் ஓடோரியில் கை தப்பாகப் போனது என்று எல்லோர் முன்னாலும் மைக்கில் சொல்லி, மாமியார் அதற்குப் பிறகு பல வருடம் வட்டத்தில் இறங்கவே இல்லை. கார்டினாவில் 1936-இலிருந்தே சட்டப்படி போக்கர் கிளப்புகள் உண்டு, அங்கே போகிறவர்களைப் பற்றி அவர் வாயால் நல்ல வார்த்தை வராது. லீக்கில் மட்டும் ஆட்டத்துக்கு ஒரு டாலர் பந்தயம் கட்டுவார், அது சூதாட்டம் ஆகாதாம். எங்கள் கல்யாணத்துக்கும் முதலில் முகம் கொடுக்கவில்லை. என் சமையலைச் சாப்பிட்டதால் மனம் மாறினார் என்று சொந்தக்காரர்கள் அழகாக ஒரு கதை சொல்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. லீக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் தேவைப்பட்டது, எனக்கு எக்செல் தெரியும். அவ்வளவுதான்.

வட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் கதி பற்றிக் கேட்டீர்கள். அது உண்மையான குறை. முகாமில் அமெரிக்காவுக்கு விசுவாசமா என்று அரசாங்கம் கேட்ட வினாத்தாளுக்கு "இல்லை" என்று பதில் எழுதியவர்களின் குடும்பங்களை இந்தச் சமூகமே பல காலம் தள்ளி வைத்தது. பாச்சானின் லீக்கிலும் அப்படிப்பட்ட குடும்பத்து ஆள் ஒருவர் இருந்தார், அவரை அணியில் சேர்க்க யாரும் முன்வரவில்லை. பாச்சான் தன் அணியில் போட்டுக்கொண்டார். இரக்கத்தால் என்று சொல்ல மாட்டேன், அந்த ஆளுக்கு 190 சராசரி.

இப்போது சாவு வீட்டுக் கதை ஒன்று, நம்மவர்களுக்கு ரொம்பப் பரிச்சயமாக இருக்கும். கோயில் வாசலில் ஒரு மேஜை, இரண்டு பேர், ஒரு நோட்டு. வருகிறவர்கள் உறையில் பணம் வைத்துக் கொடுக்க, பெயரும் தொகையும் எழுதிக்கொள்கிறார்கள். கோடென் என்று பெயர். அசல் நம்ம ஊர் மொய்! கொடுத்தவர் வீட்டில் நாளைக்கு ஒரு துக்கம் என்றால் நோட்டைப் பார்த்துத் திருப்பிச் செய்வார்கள். உடனடி நன்றிக்கு ஒரு கடிதத்தோடு தபால்தலைகளையும் வைத்து அனுப்புகிறார்கள். அந்த மேஜையில் பல காலம் உட்கார்ந்தவர் பாச்சான்தான், இந்த முறை நானும் நாத்தனாரும் உட்கார்ந்தோம். பாச்சானின் பழைய நோட்டுகளில் தொகைக்குப் பக்கத்தில் பென்சிலில் சின்னச் சின்னக் குறிப்புகள்: "திருப்பித் தர வேண்டாம், வீட்டில் கஷ்டம்", "மகனிடம் சொல்லாதே". சில குடும்பங்களின் வரவு அவர் கையிலிருந்து போட்டுக் காட்டியது என்று கணக்குப் பார்த்தபோது புரிந்தது.

1988-இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டப்படி முகாமில் இருந்து உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரும் மன்னிப்புக் கடிதமும் கொடுத்தார்கள். காசோலைகள் 1990-இலிருந்து வரத் தொடங்கின. மூத்தவர்களுக்கு முதலில் என்பதால் பாச்சானுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. அவருடைய அப்பா அதைப் பார்க்க உயிரோடு இல்லை, இறந்தவர்களுக்குக் கிடையாது. பாச்சான் அந்தப் பணத்தில் முதலில் செய்தது ஒரு புதுப் பந்தும் ஷூவும் வாங்கியது. மாமனாருக்கு அதில் இன்றைக்கும் கோபம், "அது என் தாத்தாவின் நிலத்துப் பணம், அதில் போய் பவுலிங் பந்தா" என்பார். மிச்சத்தை பாச்சான் முதியோர் மதியச் சாப்பாட்டுத் திட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். கடிதத்தை ஃபிரேம் போடவில்லை. லீக் ரசீதுகளோடு அதே பெட்டியில் இருந்தது.

டெட்ராய்ட்_தச்சன்

பந்து வாங்கியதுதான் சரி. மனுஷிக்கு 14 வயதில் பறித்த பணம், அவர் இஷ்டத்துக்குச் செலவழிக்கட்டும்.

கிள்ளான்_கதிர்

அக்கா, பான் ஓடோரி பத்தி இன்னும் எழுதலையே. எங்க ஷா ஆலாம்ல ஒவ்வொரு வருஷமும் பெரிசா நடக்கும், ஜப்பான் கம்பெனிகள்ல வேலை பாக்குறவங்க ஆரம்பிச்சது. 2022-ல சமய விவகார அமைச்சர் முஸ்லிம்கள் போக வேணாம்னு சொல்லிட்டார், இதுல வேற மதத்தோட கூறுகள் இருக்குன்னு. பெரிய சண்டை. கடைசியில சிலாங்கூர் சுல்தான் நடக்கட்டும்னுட்டார். அந்த வருஷம் கூட்டம் தாங்கல, சும்மா இருந்தவனெல்லாம் போனான், நானும்தான். ஆனா அங்க எனக்கு ஒண்ணும் புரியல, பாட்டுக்கு எல்லாரும் கையை ஆட்டுறாங்க, நானும் ஆட்டினேன். இது சாமி கும்பிடறதா, கொண்டாட்டமா?

கார்டினா_மருமகள்

இரண்டும்தான் கதிர். ஓபோன் என்பது செத்தவர்களை நினைக்கும் நாட்கள். புத்தரின் சீடர் மொக்கல்லானர் தெரியுமா? அவருடைய அம்மா செத்த பிறகு பசிப்பேய்களின் உலகத்தில் தவிப்பதைப் பார்க்கிறார். புத்தர் சொன்னபடி பிக்குகளுக்கு உணவு படைக்க, அம்மாவுக்கு விடுதலை கிடைக்கிறது. சந்தோஷத்தில் அவர் ஆடிவிட்டார், அதுதான் இந்த நடனம் என்று கதை. ஆகவே அழுதுகொண்டு ஆடக் கூடாது. இங்கே கோயில்களில் இதைப் பரப்பியவர் யோஷியோ இவாநாகா என்ற குரு, 1930-களில் கடற்கரை நெடுக ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுத்தவர். பாச்சானின் அம்மா அவரிடம் கற்றவர்களிடமிருந்து கற்றவர்.

நடுவில் யாகுரா என்று மேடை, அதில் பெரிய முரசு. தெருவை அடைத்து சுற்றிலும் வட்டங்கள். எனக்குப் பிடித்தது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஆட்டம், தான்கோ புஷி. கியூஷு தீவில் மீகே சுரங்கத்துப் பாட்டு. இரண்டு தரம் மண்வெட்டியால் வெட்டு, கரியைத் தோளுக்குப் பின்னால் வீசு, கையை நெற்றிக்கு மேல் வைத்து நிலாவைப் பார், வண்டியைத் தள்ளு. எந்த வயதுக்காரரும் ஒரு சுற்றில் பிடித்துக்கொள்ளலாம். பாச்சான் கடைசியில் சக்கர நாற்காலியில் இருந்தே வண்டி தள்ளுவார், நாற்காலியை நான் தள்ளுவேன்.

ஜூன் மாதம் முழுக்க வாகன நிறுத்துமிடத்தில் ஒத்திகை. பாச்சான் அதை லீக் மாதிரியே நடத்தினார். வருகைப் பதிவு உண்டு! முதியோருக்கு வட்டத்தில் இடம் குறித்து வைப்பார், ஒவ்வொரு கிழவிக்கும் பக்கத்தில் ஒரு இளசு, மயக்கம் வந்தால் பிடிக்க. பவுலிங் அணி பிரிக்கும் அதே தாள், அதே கையெழுத்து. பத்திரிகைக் குறிப்பின் அந்த ஒரு வரி போதாது என்று நான் சொன்னது இதனால்தான். அவருக்கு ஊர் என்பது யார் பக்கத்தில் யார் நிற்கிறார் என்கிற பட்டியல். 14 வயதில் அந்தப் பட்டியலை யாரோ கிழித்துப் போட்டார்கள், மிச்ச ஆயுளை அதைத் திரும்ப எழுதுவதில் செலவழித்தார்.

ஸ்காபரோ_அக்கா

இதைத்தான் எழுதுங்கோ தங்கச்சி. கடைசிப் பந்தி அப்பிடியே போகட்டும். மாமியாரின்ர மைக் கதையை மட்டும் மாமியாரிட்டக் கேட்டிட்டுப் போடுங்கோ.

எதற்கும்_ஒரு_கேள்வி

மகாளயத்துக்கு நாம் யாரும் ஆடுவதில்லையே என்று எழுத வந்தேன்.

பழையபேப்பர்

மகாளயத்துக்கு ஆடுவதில்லை, சரி. சாவுக்குப் பறையடித்து ஆடுகிற ஊர்தானே நம்முடையது? தெருமுனை வரைக்கும் ஆடிவிட்டுத்தானே எடுக்கிறோம். பிணத்துக்கு முன்னால் ஆடினால் அநாகரிகம், ஜப்பான்காரன் ஆடினால் பண்பாடு என்று சொல்லாமல் இருந்தால் சரி.

எதற்கும்_ஒரு_கேள்வி

அதையும்தான் எழுத வந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

கார்டினா_மருமகள்

மாமியாரிடம் நேற்றே கேட்டுவிட்டேன். "போடு, ஆனால் என் கை சரியாகத்தான் போனது என்றும் போடு" என்கிறார். போடுகிறேன்.

இந்த ஆகஸ்டில் வருவது பாச்சானின் முதல் ஓபோன், ஹத்சுபோன் என்பார்கள். அந்த வருடம் இறந்தவர்களின் குடும்பங்களைக் கோயிலில் பெயர் சொல்லி அழைப்பார்கள். மாமியார் இந்த முறை வட்டத்தில் இறங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

கிள்ளான்_கதிர்

நான் ஆகஸ்ட் முதல் வாரம் லாஸ் ஏஞ்சலஸ்ல இருப்பேன் அக்கா, வேலை விஷயமா. வெளியாள் ஆடலாமா? உடுப்பு ஏதும் இருக்கா?

கார்டினா_மருமகள்

தாராளமாக ஆடலாம். கிமோனோ எல்லாம் வேண்டாம், பருத்தியில் யுகாதா உடுத்துவார்கள், இல்லையென்றால் ஜீன்ஸ் மேல் ஹாப்பி கோட் என்ற குட்டை மேலங்கி ஒன்று போட்டுக்கொள்ளலாம், வீட்டில் நிறைய இருக்கிறது, தருகிறேன். வெளிவட்டத்தில் நில், உள்வட்டத்துக் கிழவிகளைப் பார்த்து அப்படியே செய். மதியமே வந்துவிடு, ஒகினாவா டாங்கோ என்ற பொரித்த மாவு உருண்டை வாங்க வரிசை நீளம், கார் நிறுத்தவும் இடம் கிடைக்காது. தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன்.